பூச்சாடி இருந்த இடம்

மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

காயாத துணியைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் என் மனைவி வீரம்மாள் பால்கனிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மூன்றாவது தடவை அவள் உள்ளே வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

"வெயில் நேரா படத்து மேல விழுது," என்றேன்.



படம் ஷோகேஸின் மேல் மரத் தாங்கியில் நின்றது. பட்டுத் துணியில் பட்டு நூலால் தைத்தது. தைத்தவள் யாங்சி ஆறு கடலில் சேரும் ஊர்ப்பக்கத்துக்காரி. இங்கே துபாயில் சீனாக்காரர்கள் புதிதாகத் திறந்திருந்த மார்க்கெட்டில் உட்கார்ந்து, ஒரே நூலை முடியைவிட மெல்லிய இழைகளாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேர் இருந்த புகைப்படத்தைக் கொடுத்து நான்கு பேரைத் தைக்கச் சொன்னேன். நான், வீரம்மாள், மகன் விமல், சின்னவள் தேன்மொழி. மூத்தவள் கனகா நின்ற இடத்தில் ஒரு பூச்சாடி வைக்கச் சொன்னேன்.

ஐந்து மாதம் எடுத்தாள். பூச்சாடியிலிருந்த சிவப்புப் பூவைக் கிள்ளிவிடலாம் போலிருந்தது. வெயில் படக்கூடாது என்று மட்டும் சைகையால் சொல்லியனுப்பியிருந்தாள்.

கனகா என்ற பெயர் மூன்று வருடமாக இந்த வீட்டில் ஒலிக்கவில்லை. ஒரு பையன், ஒரு பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லியிருந்தேன். நல்ல குடும்பம். சொல்லில் சிறு பிசகு தெரிந்தாலும் எழுந்து போய்விடுவார்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

மாப்பிள்ளையின் அப்பா கார்மேகமும் அவர் மனைவி பானுமதியும் அல் ஐன் நகரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தேன்மொழியின் தலையில் பூ வைத்துப் பேச்சை முடிப்பதாக ஏற்பாடு. பானுமதியின் தட்டில் மல்லிகைப் பந்து கட்டிய ஈரம் காயாமல் இருந்தது.

கார்மேகம் ஜவுளிக்காரர். உட்கார்ந்ததிலிருந்து அவர் கண் படத்தின் மேலேயே இருந்தது.

"பின்பக்கம் முடிச்சைப் பாத்தாத்தான் அண்ணாச்சி, கைவேலையா மெஷினான்னு தெரியும்," என்றபடி எழுந்து, நான் கை நீட்டுவதற்குள் படத்தைத் திருப்பிவிட்டார்.

நான் அதை ஒருநாளும் திருப்பியதில்லை. கடையிலிருந்து வாங்கிவந்தவள் வீரம்மாள்.

பின்பக்கம் முடிச்சே இல்லை. அதே நாங்கள்தான் இடம் வலம் மாறி நின்றோம். பூச்சாடி இருந்த இடத்தில் கனகா நின்றாள்.

ஒரே துணியில் முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றுமாகத் தைப்பது அந்த ஆற்றங்கரைப் பெண்களின் வித்தையாம். கார்மேகம்தான் சொன்னார். கேள்விப்பட்டிருக்கிறாராம், இன்றுதான் பார்க்கிறாராம். சீனாக்காரிக்கும் வீரம்மாளுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. எப்படிப் பேசி முடித்தார்களோ.

பானுமதி வியக்கவில்லை. அந்தப் பெண் யார் என்று கேட்டார்.

ஜூஸ் தட்டோடு நின்ற விமல் சுவரைப் பார்த்தான். தேன்மொழி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள். நான் அவளைப் பார்த்தேன். மறுபடி குனிந்துகொண்டாள்.

"மூத்தவ. மஞ்சக் காமாலை வந்து பத்தொம்பது வயசுல தவறிட்டா," என்றேன். "அவ அம்மா தாங்க மாட்டான்னுதான் நாங்க பேச்செடுக்கிறதில்ல."

என்றைக்கு என்று பானுமதி கேட்டார். தேதி என் நாக்கில் தயாராக இருந்தது. சொன்னேன்.

அடுத்தடுத்துக் கேள்விகள் வரும் என்று காத்திருந்தேன். ஆனால் பானுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகையில் ஒரு முழம் அறுத்து வீரம்மாளிடம் நீட்டினார்.

"கல்யாணமாகாமப் போனவ வீட்டுக்குக் கன்னி தெய்வம், மதினி. அவளுக்கு வச்சிட்டுத்தான் சின்னவளுக்கு வைக்கணும். பெத்த கையால நீங்களே வைங்க."

வீரம்மாள் வாங்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வை," என்றேன்.

கண்ணாடிச் சட்டத்தில் பூ நிற்காமல் இரண்டு முறை சரிந்து விழுந்தது. மூன்றாவது முறை கனகாவின் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டாள். கார்மேகம் தலை தாழ்த்திக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அதன் பிறகு தேன்மொழிக்குப் பூ வைத்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. இனி படம் இந்தப் பக்கமே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்று பானுமதி சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒப்புக்கொண்டேன். கனகாவின் முகம் வீட்டில் ஒரு மூலையிலாவது இருக்க வேண்டும் என்பதுதான் மூன்று வருடமாக வீரம்மாளின் கெஞ்சல். கொடுத்தாயிற்று.

அவர்களை வழியனுப்ப விமலைக் கீழே அனுப்பிவிட்டுத் திரைச்சீலையைச் சற்று விலக்கினேன்.

எதிரே கேப்டீரியா டீக்கடை வாசலில், மூன்று மணிக்கு நான் பார்த்த அதே இடத்தில், கனகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில், நான் ஏற்காத கல்யாணத்தில் பிறந்த குழந்தை தூங்கிப்போயிருந்தது. தங்கைக்குப் பூ வைத்து முடிந்ததும் மேலே கூப்பிடுகிறேன் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருக்க வேண்டும். கார்மேகத்தின் கார் அவளை உரசுவது போல் கடந்து போனது. பானுமதி பார்த்திருக்கலாம். இறந்தவளின் முகத்தைத் தெருவில் யார் தேடப்போகிறார்கள்?

கனகா அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்குப் பின்னால் வீரம்மாள் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது.

திரைச்சீலையை மூடினேன். வெயிலில் இருந்தால் பட்டு நூல் வெளுத்துப்போகும்.