நஞ்சு அலுமாரியின் திறப்பு

மருந்தறை ஜன்னலுக்கு வெளியே செட்டிகுளத்துச் சனம் வெறும் போத்தல்களோடு வரிசையில் நிற்கிறது. உள்ளே, தலைமை மருந்தாளராக இன்று காலை வந்திறங்கிய ஏரம்பு கை நீட்டுகிறான். அந்தக் கதிரைக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த சிவனேஸ்வரி, மோர்பீன் போன்ற மருந்துகளைப் பூட்டிவைக்கும் நஞ்சு அலுமாரியின் திறப்பை அவன் கையில் கொடுக்காமல் பதிவேட்டின்மேல் வைக்கிறாள். "எண்ணிப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ, சேர்." "எனக்குச் சட்டம் படிப்பிக்க வேண்டாம்." அலுமாரியைத் திரும்பியும் பாராமல், 'மோர்பீன் குப்பிகள் யாவும் சரி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தைக் கிறுக்கி, 3.5.1982 என்று திகதியும் போடுகிறான். சிவனேஸ்வரி குனிந்து, ஈர மையை ஆறுதலாக ஊதிக் காயவைக்கிறாள். "போன கிழமை உடைஞ்ச மூண்டு குப்பியும் இனி உங்கட தலையிலதான், சேர்." ஏரம்புவின் பேனை மூடி சீமெந்துத் தரையில் விழுந்து உருள்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். "அடுத்த ஆள், போத்தலைத் தாங்கோ."