எல்லாக் காருக்கும் ஆகிற எண்ணெய்

இஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை.

ஜெராம் முச்சந்தியில், சேதுவின் உதிரிச் சாமான் கடை வாசலில், இருசப்பனின் பழைய இங்கிலீஷ் கார் அடம்பிடித்த மாடு மாதிரி நின்றது. முன்னால் ரிப்பன், கண்ணாடியோரம் ரோஜாப்பூ. பதினைந்து வருஷமாக இந்த வட்டாரத்தில் கல்யாணக் கார் என்றால் அதுதான்.

கிளட்ச் இல்லாத கார். தானே கியர் மாற்றிக்கொள்ளும். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் டிரைவரான இருசப்பனிடம் விட்டுவிட்டுப் போனது.

இருசப்பன் இஞ்சினை அணைக்காமலே மூடியைத் தூக்கி, எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். நுனியில் ஒரு பொட்டுச் சிவப்புதான் ஒட்டியிருந்தது. கியர் பெட்டி எண்ணெய் வழிநெடுகச் சொட்டித் தீர்ந்திருந்தது.

சேது ஒரு டின்னோடு ஓடி வந்தான்.

"இதை ஊத்துங்க தாத்தா. எல்லா ஆட்டோ கியர் காருக்கும் ஆகும்."

"தாத்தாவா? இன்னிக்கு மட்டும் அப்படிக் கூப்பிடாதே."

இருசப்பன் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. பெட்ரோல் முள்ளை நம்பாமல் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை முதலில் கோழிக்குப் போட்டுப் பார்ப்பார். எல்லாக் காருக்கும் ஆகும் என்று ஒருவன் சொன்னால் விடுவாரா?

"எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பாடா? டின்னுல என்ன எழுதியிருக்குன்னு படி."

சேது படித்தான். ஜப்பான் கார், ஜெர்மன் கார், அமெரிக்கன் கார் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போயின.

"என் காரு?"

"கடைசியில 'மற்றவை'ன்னு போட்டிருக்கு."

"மத்ததுன்னா?"

"உங்க காருதான் லா!"

"உன் காருக்கு இதைத்தான் ஊத்துறியா?"

"என்னுது புது சாகா காரு. கையால கியர் போடுறது."

"அதானே பார்த்தேன்."

கடைக்குள் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. கோயில் கோலசிலாங்கூரில். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. மணப்பெண் லீலாவதி இந்நேரம் கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருப்பாள்.

"கல்யாணக் கார் கொஞ்சம் லேட்டானா என்ன? பொண்ணு ஓடியா போயிடும்?" என்றான் சேது.

"எழுந்து போயிடும். போன தை மாசமே நடந்திருக்க வேண்டிய கல்யாணம். மாப்பிள்ளை வரலை."

"ஐயோ. ஏனாம்?"

"கார் கெட்டுப்போச்சுன்னு சொன்னான்."

"நிஜமாவா?"

"பொய். பாதி வழி வந்தவன் பயந்து திரும்பிட்டான்." இருசப்பன் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். "இன்னிக்கு நிஜமாவே கெட்டுப்போச்சு. போய்ச் சொன்னா அவ நம்புவாளா?"

சேதுவுக்கு வாய் மூடவில்லை. "அப்படிப்பட்ட ஆளையா மறுபடியும் நம்புறீங்க?"

"நான் எங்க நம்பினேன்? அதான் நானே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு அவர் டின்னை வாங்கி ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. திருடனும் வெள்ளைச் சட்டை போடுவான் என்று நினைத்துக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள தட்டுத் தட்டா இருக்கு தம்பி. ஒரு காருக்கு கப்புனு பிடிக்கணும், இன்னொரு காருக்கு வழுக்கிப் பிடிக்கணும். ரெண்டையும் ஒரே எண்ணெய் எப்படிச் செய்யும்? சத்தியம் பண்ணு பார்ப்போம்."

சேது தலையைச் சொறிந்தான். "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் ஐயா. கோலசிலாங்கூர் வரைக்கும் ஓடும். கல்யாணம் முடியட்டும், நாளைக்கே வடிச்சிட்டு இந்தப் பெட்டிக்கு உள்ளதை ஊத்திக்குங்க."

இருசப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சத்தியம் பண்ணியிருந்தால் டின்னை வீசியிருப்பார்.

"சரி, ஊத்து."

சேது காலண்டர் தாளைக் கிழித்துப் புனலாகச் சுருட்டினான். குச்சி இருந்த குழாய்க்குள் எண்ணெய் மெல்ல இறங்கியது. இருசப்பன் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி, கியர்க் கம்பியை முன்னும் பின்னுமாக ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எடுத்தார். பிறகு ஓட்டுகிற இடத்துக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. அப்புறம் 'நான் எப்ப நின்னேன்?' என்பதுபோல நகர்ந்தது.

இருசப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேது காலி டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். ஆடிக்கொண்டே பின்சீட்டை எட்டிப் பார்த்தவன் நின்றான். அங்கே இரண்டு மாலைகள் மட்டும் கிடந்தன.

"ஐயா, மாப்பிள்ளை எங்க ஏறுவாரு?"

இருசப்பன் காரை நிறுத்தவில்லை. பின்னால் கையை விட்டு ஒரு மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சேது "ஓய்!" என்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது. இருசப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

போன தை மாதம் இந்த முச்சந்தியில்தான் கார் திரும்பியது. மாப்பிள்ளையை அவர் இன்னமும் முழுசாக நம்பவில்லை. ஜெராம் தாண்டும் வரை இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்திருந்தார்.