கணக்கில் வராத இரண்டு கைகள்

"பொலிசுக்கு மைதானத்தைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார் தவிசாளர்.

எட்டுக் கைகள்.

அந்தப் பிரதேச சபை மைதானத்தில்தான் எங்கள் பதினோரு கூடாரங்களும் நிற்கின்றன. மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் போன நாளிலிருந்து அதுதான் எங்களுக்கு வீடு. பொலிஸ் வீரர்களின் நினைவு நாளை அங்கே நடத்தச் சபை சம்மதித்தால், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். மாற்று இடமா? அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"எதிர்க்கிறவர்கள்?"

ஏழு கைகள் எழுந்தன. கூடவே, பார்வையாளர் வாங்கில் என் பக்கத்தில் இருந்த நல்லம்மா அக்காவும் கையைத் தூக்கினார்.

லயத்துச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கை தூக்கலாம். இங்கேயும் அப்படித்தான் என்று அக்கா நினைத்துவிட்டார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் கூரையா போகிறது! நானும் தூக்கினேன். எங்கள் இருவரையும் சேர்த்து எண்ணியிருந்தால் ஒன்பது. ஜெயித்திருப்போம்.

எண்ணவில்லை.

தீர்மானத்தைக் கொண்டுவந்த உறுப்பினர் ஸனூஸ் எங்கள் பக்கம் திரும்பினார். "உசிரக் குடுத்த பொலிஸ்காரங்களுக்கு ஒரு நாள் மரியாதை செய்றது ஒங்களுக்குப் பொறுக்கல்லயா?"

அக்கா எழுந்தார். "ஐயா, எம் மவன்..."

"பாக்க வந்தவங்க பேசக்கூடாது" என்று பியோன் அவரை உட்கார்த்திவிட்டார். சபை அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. சந்தைக் கக்கூஸ்.

வெளியே படியில் அக்காவின் கையைப் பிடித்து இறக்கினேன். மழைக்காலம் வேறு. இந்தப் பிள்ளைகுட்டிகளை இழுத்துக்கொண்டு எங்கே போய் விழுவது?

ஒரு பொலிஸ் சார்ஜன்ட் கையில் கடித உறையோடு எங்கள் பின்னாலேயே இறங்கி வந்தார்.

"நீங்க மைதானத்துக் கூடாரத்து ஆக்கள்தானே? கான்ஸ்டபிள் கஜேந்திரனோட அம்மா அங்கதான் இருக்காங்களாம். இந்த அழைப்பிதழ அவங்ககிட்டக் குடுக்கணும். செத்துப்போன மகனோட படத்துக்கு அவங்கதான் மொத மாலை போடணும்."

அக்கா உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நாந்தாங்க அவன் அம்மா" என்றார். "வெள்ளிக்கிழமையோட எங்களக் கெளப்பிருவீங்களே தம்பி. நான் எங்கேயிருந்து வர்றது?"