கோட்டுக்கு அளவு

மகளின் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறார், ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பறந்து டென்னிஸ் ஆடியவர். ஆளுயரக் கண்ணாடியில் சாயங்கால வெயில் பட்டுக் கண் கூசுகிறது. உள்ளே ஒரு தையல் மிஷின் விட்டு விட்டு ஓடுகிறது. தையல்காரர் வலது கையைச் சுற்றி டேப்பை இழுக்கிறார், பிறகு இடது கையை, நம்பிக்கை வராமல் மறுபடியும் வலதை. ஆயிரமாயிரம் சர்வீஸ் போட்டு உரமேறிய கை அது; ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தூக்கியதில்லை, ஆனாலும் உலக்கை மாதிரி தடித்திருக்கிறது. பக்கத்தில் இடது கை வேறு யாருடையதோ போல ஒல்லியாகத் தொங்குகிறது. இன்றைக்காவது ஒருவர் அந்த வலது கையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று அவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். “இடது கை சூம்பியிருக்கே சார், சின்ன வயசுல ஏதாவது நோயா?” என்கிறார் தையல்காரர். அவர் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் மனைவி, தலை நிமிராமலே சொல்கிறாள்: “நோய் அதுல இல்லைங்க, வலது கையில. இருபது வருஷம் இருந்துச்சு. பொண்ணு பொறந்தன்னிக்குக்கூட விடல.” மிஷின் நிற்கிறது. கண்ணாடிக்குள் அந்த வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போகிறது.

“மறைக்காதீங்க சார், கையை நேரா விடுங்க,” என்கிறார் தையல்காரர்.