கோணல் கயிறு

"படிக்காததுங்கன்னா இப்படித்தான்!" டீ கிளாஸை டொக்கென்று பெஞ்சில் வைத்தார் பிசிக்ஸ் வாத்தியார் தேவநாதன்.

ஸ்டேஷன் ரோட்டில் நல்லமுத்துவும் அவன் மனைவி வீராயியும் கைவண்டி இழுத்து வந்தார்கள். வைக்கோல் சுற்றிய ஊறுகாய் ஜாடிகள், கூட்ஸ் ரயிலில் ஏற்ற வேண்டிய சரக்கு. வண்டியின் முன் மூலைகளில் ஆளுக்கொரு கயிறு. இடப்பக்கம் நல்லமுத்து நேராக இழுத்தான். வலப்பக்கம் வீராயி நடுரோட்டைப் பார்த்துக் கோணலாக இழுத்தாள்.

அன்றைக்குத்தான் வகுப்பில் வெக்டர் கூட்டல் கழித்தல் நடத்தி முடித்திருந்தார். டீக்கடையில் நாலு பேர் வேறு இருந்தார்கள். சும்மா இருப்பாரா?

"நில்லு! ஏம்மா, மூளை இருக்குதா உனக்கு?"

கீழே கிடந்த உடைந்த கப்புத் துண்டால் ரோட்டில் அம்புக்குறி போட்டார். அவர் வண்டி இழுத்ததெல்லாம் கரும்பலகையில்தான்.

"ஒருத்தர் மூணு பங்கு, ஒருத்தர் நாலு பங்கு. ஒரே திசையில இழுத்தா ஏழு. எதிரெதிரா இழுத்தா கழிஞ்சு ஒண்ணு. நீ கோணலா இழுக்கிறியே, உன் பலம் பக்கவாட்டுல வீணாப் போவுது. புரியுதா?"

"பழகிப்போச்சு சார். வுடுங்க, போறோம்."

"கூட இழுக்கிற மனுஷனை நெனைச்சியா? உன்னாலதான் அவனுக்குப் பாரம்!"

நல்லமுத்து பெருமையாகச் சிரித்தான். "நான் சமாளிச்சுக்குவேன் சார். சூளையில வுழுந்து தோள்பட்டை எறங்கினப்ப, இனிமே வண்டியே தொட முடியாதுன்னாங்க. இப்ப பாருங்க, சரிபாதி இழுக்கிறேன். இவளே சொல்றா."

"கேட்டியா? நேரா இழு!"

வீராயி அசையவில்லை. டீக்கடையில் சிரித்தார்கள்.

"சார் சொல்றாரு இல்ல? இழேன்" என்றான் நல்லமுத்துவும்.

வேறு வழியில்லாமல் நேராக இழுத்தாள். பத்தடி போகவில்லை. வண்டி நல்லமுத்து பக்கமாகத் திரும்பி, சாக்கடை ஓரத்தில் இடித்து நின்றது. ஒரு ஜாடி உருண்டு உடைந்தது.

"நேரா இழுக்கவும் தெரியல!" என்றார் தேவநாதன்.

நல்லமுத்து தன் தோளைப் பார்த்தான். பிறகு வீராயியைப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

வீராயி வாத்தியாரிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"நேரா இழுத்தா வண்டி இவரு பக்கமாத் திரும்பிக் காட்டிக்குடுத்துடும். இவரு இழுப்பு கால்வாசிகூட இல்லன்னு இவருக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் சார், ஆறு மாசமா கோணலா இழுத்தேன்."