நடுப்படி

தெருமுனை திரும்பியதுமே வாடகைக்கடை அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். இசக்கி ஓட்டுக்கூரை மேல் இருந்தான்.

ஏணியும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

அவர் கடை ஏணி. நடுப்படியில் விரிசல். கம்பி சுற்றி, கம்பி தெரியாமல் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். நல்ல ஏணியும் இருந்தது. ஆனால் இசக்கியின் மனைவி ஆவுடையம்மாள் காலையில் வாடகையை அடித்துக் குறைத்த குறைப்பில், இதைத்தான் நீட்டினார். விலைக்குத் தகுந்த சரக்கு. அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான், அந்தப் படி தொண்டையில் குறுக்கே வந்து நின்றது.

வெறுங்கையோடு போனால் கேள்வி வரும். ஓடு தூக்கும் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“வேற ஏணி தாறேம்மா. இது கொஞ்சம் குட்டை.”

“எதுக்கு? அதுக்கு வாடகை கூடன்னு சொல்லவா? எங்க வீட்டுக்கு இது எட்டுது அண்ணாச்சி.”

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

எதிர்வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவர் கடை வாடிக்கை.

இசக்கி இறங்கினான். பச்சைப் படியில் கால் வைத்தான். கம்பி முனகியது.

தாங்கியது.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆவுடையம்மாளின் கண் கூடைமேல் விழுந்தது. “இது என்ன அண்ணாச்சி?”

“சும்மாதான். வாடகை வேண்டாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“நல்லா இருப்பிய! ஏங்க, மழை வரப்போகுது. இனி ரெண்டு ரெண்டா தூக்க வேண்டாம். அம்புட்டு ஓட்டையும் ஒரே நடையில ஏத்திருங்க.”

அவளே அடுக்கினாள். விளிம்புவரை அடுக்கினாள்.

இசக்கி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். முதல் படியிலேயே மூங்கில் வளைந்தது.

“நீங்க வேற பக்கத்துல நிக்கிய. எனக்கென்ன பயம்,” என்றாள் ஆவுடையம்மாள்.

அடுத்த படி.

எதிர்வாசலில் பேச்சு நின்றிருந்தது. கடைக்காரரே வந்து நிற்கும் அதிசயத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கியின் கால் பச்சைப் படியை நோக்கி எழும்பியது.

பாய்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

“என்ன அண்ணாச்சி இது,” இசக்கி கூசிப்போனான். “பெரியவங்க நீங்க. எல்லாரும் பாக்காங்க. கால விடுங்க.”

அவர் விடவில்லை.