பச்சை ஸ்ரிக்கர்

"உம்மட சாமான் பொய் சொல்லுது, பிள்ளை!"

"சாமானில்லை ஐயா, இது வெறும் கடதாசி..."

"கடதாசியெண்டால் இன்னும் பொய் சொல்லும்! கடதாசியில அரசாங்கம் எனக்கு ரெண்டு தரம் வீடு கட்டித் தந்திட்டுது, தெரியுமோ?"

புளியங்குளத்தில், கதிர்காமநாதனின் விறாந்தையில் இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய பயித்தங்காயை வாங்கக் கொழும்பிலுள்ள ஒரு பெரிய கடை சம்மதித்திருந்தது. பெட்டியில் 'மருந்தடிக்காதது' என்று பச்சை ஸ்ரிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. சோதிக்க வந்தவள்தான் சுரேகா.

அவர் எடுத்துக் கொடுத்த காயை மறுபடியும் நறுக்கி, குப்பியில் நீரூற்றி, கறுப்புத் தூள் போட்டுக் குலுக்கினாள். பக்கத்தில் காந்தத்தை வைத்ததும் தூள் முழுவதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவிய துளியைக் கடதாசியில் விட்டாள். இந்தமுறையும் சிவப்புக் கடதாசி ஊதாவாகிவிட்டது.

"இது நனோத் தூள், ஐயா. காயில இருக்கிற பூச்சி மருந்தை இழுத்துக்கொண்டு வரும். கடதாசியில நனோத் தங்கம் பூசியிருக்கு. மருந்து பட்டால் நிறம் மாறும்."

"தங்கமோ?" குசினி வாசலில் நின்ற மனைவி நேசமலர் எட்டிப் பார்த்தாள். "என்ர காதில இல்லாதது பயித்தங்காய்க்குக் கிடைச்சிருக்கு."

"நீர் சும்மா இரும்!"

"கடைசியா எப்ப ஐயா மருந்தடிச்சனீங்கள்?"

"வற்றாப்பளை அம்மாளாணை, இந்தக் காயில ஒரு சொட்டு மருந்தும் படேல்லை!"

அம்மாளை இழுத்தபோதும் அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

மூன்றாவது கடதாசியும் ஊதாவானது. சுரேகா பச்சை ஸ்ரிக்கர்க் கட்டை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அதைக் கண்டதும் அவர் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார்.

"நில்லும் பிள்ளை! இது விக்கிற காயே இல்லை! எங்கட வீட்டுப் பாத்திக் காய். மகள் யதுர்ஷிகா எட்டு மாச வயித்தோட வந்து நிக்கிறாள். அவளுக்கெண்டு மருந்து காட்டாமல் வளர்க்கிறன். நான் மருந்தடிக்கிறது அங்கால, சந்தைக்குப் போற காய்க்குத்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"நல்ல மனிசன்," என்றாள் நேசமலர். "ஊருக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு."

சுரேகா ஊதாக் கடதாசிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, வீட்டுக் காயில எப்பிடி ஐயா இவ்வளவு மருந்து வந்தது?"

நேசமலர் கிணற்றடியைப் பார்த்தாள். நேற்று அவர் மருந்தடித்துவிட்டு வந்து கவிழ்த்து வைத்த மிசின் அங்கே காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே வைத்துத்தான் அதை மூன்று தரம் நன்றாக அலசி ஊற்றுவார். ஊற்றிய தண்ணீர் கிணற்றடி வாய்க்காலால் ஓடி, நேரே வீட்டுப் பாத்திக்குள் இறங்கும்.

நேசமலர் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பிள்ளை, சந்தைக்குப் போற காயையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ. அது கொஞ்சம் நல்லதெண்டால், இனி மகளுக்கு அதையே சமைக்கிறன்."